ஆறு நாற்பது பேருந்தில் ரத்த அழுத்தம்

பிரியாணிக்காகத்தான் போனேன், மறைப்பானேன்? பிப்ரவரியில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. ஆம்பூர் பக்கம் கிராமச் செவிலியராக இருக்கும் என் பள்ளித் தோழி தேவகியோ, "பிரியாணி எங்கியும் ஓடிடாது. மொதல்ல காலைல ஆறரைக்கு என்கூட வா" என்றாள்.

காட்பாடியிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ரயிலில் முக்கால் மணி நேரம். முன்பதிவில்லாத பெட்டியில் முப்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து தேவகியின் ஊருக்கு ஒன்பது கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபத்தைந்து. முந்தின நாள் மாலையே போய் அவள் வீட்டில் தங்கிவிட்டேன்.

காலை ஆறரைக்கு ஷூ கம்பெனிப் பேருந்து வந்து நின்றது. உள்ளே நாற்பது பெண்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு கொடுக்கத் தொடங்கும் முன்பே இவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். திரும்புவது இரவு ஏழுக்கு. ஒரு நாள் லீவு போட்டால் கூலியோடு அந்த மாத வருகைப் படியும் போச்சு. அதனால் தேவகி ஓட்டுநரிடம் கெஞ்சிக் கூத்தாடி, செவ்வாய்தோறும் பத்து நிமிடம் வாங்கியிருக்கிறாள். ரத்த அழுத்தக் கருவியோடு ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன்.

மூன்றாவது இருக்கையில் கஸ்தூரி, வயது முப்பத்தெட்டு. தையல் லைனில் வேலை. அவர் அம்மா இதே ரத்த அழுத்தத்தால் பக்கவாதம் வந்து படுத்தவர். கருவி 170/110 காட்டியது. மூன்று மாதமாக மாத்திரை கொடுத்தும் குறையவில்லை.

"மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா, இல்லியா?" தேவகிக்குக் கோபம். எனக்கும் 'இவ்வளவு அலட்சியமா' என்றுதான் தோன்றியது.

"ஞாயித்துக்கிழம தவறாம போட்டுடறேன் சிஸ்டர்."

"ஞாயித்துக்கிழம மட்டுமா?"

"அத்த போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. நடுவுல எழுந்தா லைன் நின்னுடும். சூப்பர்வைசர் எல்லார் எதிர்லயும் கத்துவாரு. இன்னா பண்றது, சொல்லுங்க?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "நாங்க தண்ணியே கம்மியாத்தான் குடிக்கறோம் சிஸ்டர்."

தேவகி கருவியை மடியில் வைத்துவிட்டாள். "மூணு மாசமா திட்டினேனே, ஏன்னு ஒரு வார்த்த கேக்கலியே" என்றாள் என்னிடம். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றே மருத்துவரிடம் பேசி, அந்தத் தொல்லை இல்லாத வேறு மாத்திரைக்கு ஏற்பாடு செய்தாள். ஆனால் தண்ணீர் குடிக்காமலே இருப்பதற்கு மாத்திரை கிடையாதே. அதற்கு அந்தப் பேருந்திலேயே வழி சொன்னது கஸ்தூரிதான்: "பத்தரைக்கு மொத்த லைனும் ஒண்ணா எழுந்தா, யாரத் திட்டுவாரு?" பேருந்தே சிரித்தது. ஓட்டுநர் ஆரன் அடித்தார். ஆறு நாற்பது.

போகிறவர்களுக்கு: பிரியாணிக்குப் பகல் பன்னிரண்டுக்கே போய்விடுங்கள், இரண்டுக்கு மேல் அடிச்சட்டிதான். பிப்ரவரியிலேயே வெயில் சுள்ளென்று அடிக்கும். யாராவது உடம்பைக் கவனிக்கவில்லை என்றால் அறிவுரையை ஆரம்பிக்காதீர்கள். அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். வைத்தியம் அதற்குப் பிறகுதான்.

ஐந்து வாரம் கழித்து தேவகி கூப்பிட்டாள். கஸ்தூரிக்கு 134/86. பக்கத்திலேயே இருந்ததால் போனை அவரிடம் கொடுத்தாள்.

"லைன் நிக்குதா?" என்று கேட்டேன்.

"டெய்லி பத்து நிமிஷம் நிக்குது. மொதல்ல கத்தினாரு. இப்ப அவரே மணியப் பாத்து, 'எழுந்திரிங்கம்மா'ன்றாரு."