கெசியா துவைத்த சட்டை

எங்கள் மார்ல்கிரீனில் பிறக்கிறவர்களைக் கையில் வாங்க ஒருத்தி இருந்தாள். போகிறவர்களைக் கழுவிக் கிடத்த கெசியா தர்லோ இருந்தாள். எனக்கு அடுத்த வீடு. சஃபோக் பக்கம் எந்த ஊரிலும் இப்படி ஒருத்தி உண்டு. ஆனால் கெசியா அளவுக்கு அதில் பெருமை கொண்டவள் கிடையாது. தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் நம்மை அளவெடுப்பது போலப் பார்ப்பாள். "இருமல் எப்படி இருக்கு?" என்று அவள் கேட்டால் யாரும் உண்மை சொல்வதில்லை.

மகாராணியின் ஆட்சி ஜூபிலி விழாவுக்கு முந்தைய வருஷம், ஊர்க் கான்ஸ்டபிள் ஒபதியா கெட்ஜை டர்னிப் வயலோரத்துப் பள்ளத்தில் யாரோ அடித்துக் கொன்று போட்டிருந்தார்கள். முயல் திருடுகிறவர்களை அவர் விட்டதே இல்லை. திருட்டு முயல் வேகாத வீடும் எங்கள் ஊரில் இல்லை. யார் மேல் சந்தேகப்படுவது என்பதைவிட யாரை விடுவது என்பதுதான் கஷ்டம்.

காலையில் உழவர்கள் அவரை ஒரு வேலிப்படலில் தூக்கி வந்தார்கள். பக்கத்தில் கிடந்த தடியையும் கொண்டுவந்து வாசலில் சாய்த்தார்கள். அவர் மனைவி லெட்டிஸ் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். சாவு என்றால் கெசியாவைக் கூப்பிடுவது வழக்கம். கூப்பிட்டார்கள்.

நகரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது கெட்ஜ் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பியவர் மாதிரி படுத்திருந்தார். பூட்ஸ் பளபளத்தது. வாசற்படி தேய்த்துக் கழுவியிருந்தது. சட்டை கொடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"இதுல ரத்தம் இருந்திருக்குமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருந்துச்சுங்க ஐயா. பச்சத்தண்ணியில உப்புப் போட்டு ஊற வெச்சேன். சுடுதண்ணின்னா கறை பிடிச்சுக்கும். உங்க வீட்டம்மாகிட்டயும் சொல்லி வைங்க."

"அவர் கையில ஏதாவது இருந்ததா?"

"ஒரு எலும்புப் பொத்தான். இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. சட்டையில ஒண்ணு குறைஞ்சுது, அதான் தச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொத்தான் எல்லாம் ஒன்றுபோல இருந்தது. ஊர் ஆண்கள் எல்லார் சட்டையிலும் அதே பொத்தான்தான், ஊர் ஊராக வரும் ஒரே கூடை வியாபாரி விற்றது.

"அடிச்ச தடி எங்க?"

"நீங்க பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, அதுதாங்க. கொடி தொய்ஞ்சுது, முட்டுக் கொடுத்தேன். கழுவிட்டுத்தான்."

கவிழ்த்து வைத்திருந்த துவைக்கும் தொட்டியின் மேல் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார்.

யாரும் பிடிபடவில்லை, இன்றுவரைக்கும். பீர்க் கடையில், "கொன்னவன் எதுக்கு ஓடணும்? கெசியா பார்த்துக்குவா" என்று வண்டிக்கார ஜோப் சிரித்தான்.

"சிரி. ஒரு நாள் உன்னையும் நான்தான் கழுவணும்" என்றாள் பீர் வாங்க வந்திருந்த கெசியா.

ஆனால் பேச்சு அத்தோடு நிற்கவில்லை. யாரையோ காப்பாற்றத் தெரிந்தேதான் கழுவினாள் என்றார்கள். கொல்லர் வீட்டுக் கிழவி இறந்தபோது கழுவ பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தது. அன்று கெசியா ஏப்ரன் கட்டி, தண்ணீர் கொதிக்க வைத்து, சாயங்காலம் வரை ஜன்னலில் நின்றாள். ஆறிய தண்ணீரைக் கோஸ் பாத்தியில் ஊற்றினாள். அதற்குப் பிறகு தேவாலயத்தில் யாருடைய இருமலையும் அவள் விசாரிக்கவில்லை. எங்களுக்கு அது என்னவோ போல இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் லெட்டிஸின் அப்பா இறந்தார். அவள் யாரைக் கூப்பிடுவாள் என்று ஊர் முழுக்க ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தது. நானும்தான். லெட்டிஸ் பனியில் நடந்து நேராக எங்கள் பக்கம் வந்தாள்.

"கெசியாக்கா, அப்பா போயிட்டாரு."

கெசியா ஏப்ரனைத் தொடவில்லை. "என்னையா கூப்பிடுற?"

"வேற யாரைக் கூப்பிடுவேன்? ஒபதியாவை அவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல." லெட்டிஸ் சால்வையில் விழுந்திருந்த பனியைத் தட்டினாள். "அப்பா தூங்கும்போதே போனாரு, அக்கா. யாரும் அடிக்கல. தாராளமாக் கழுவலாம்."

கெசியா ஏப்ரனை எடுத்துக் கட்டினாள். முடிச்சுப் போட ரொம்ப நேரம் ஆனது.

"எதுக்கும் முதல்ல அவர் கையை விரிச்சு உன்கிட்ட காட்டிடறேன்" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள்.