தள்ளிப்போட்ட தலைப்பிரசவ அழைப்பு

யுத்தத்துக்கு முந்தின வருஷம் பங்குனியில் எனக்குத் தீட்டு வரவில்லை. சித்திரையிலும் இல்லை. பேரன் எடுக்கப்போகிற வயதில் வயிற்றில் பிள்ளையா என்று குலை நடுங்கிவிட்டது. ஜெயமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்கு நாங்கள்தான் அழைத்துவர வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் பிள்ளைத்தாச்சிகள் இருவர் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். அதிலும் தாயும் மகளும் என்றால் சம்பந்தி வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

ஊரில் இதை மறைக்கவும் முடியாது. வீட்டுக்குத் தூரமான பெண்கள் ஊருக்கு வெளியே முட்டுவீட்டில் மூன்று நாள் தங்க வேண்டும். ஒருத்தி வராவிட்டால் கிணற்றடியில் பேச்சு கிளம்பிவிடும். அதனால் ஒன்றுமில்லாமலே பாயைச் சுருட்டிக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன்.

உடம்போ படுத்தி எடுத்தது. திடீரென்று நெஞ்சிலிருந்து தலைக்கு அனல் ஏறும், சேலை வேர்வையில் ஊறிவிடும். வீட்டுக்காரர் தண்ணீர் கேட்டால்கூட எரிந்து விழுவேன். பிறகு நானே அழுவேன். சம்பந்தி வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டபோது, ஒன்பதாம் மாதம் பார்க்கலாம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

வைகாசியில் முட்டுவீட்டுக்கு என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியும் வந்திருந்தார். நான் முந்தானையால் விசிறிக்கொண்டதைப் பார்த்து, "என்னடி இப்பிடி வேர்க்குது ஒனக்கு?" என்றார். அடக்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"குமட்டுச்சா?"

"இல்லக்கா."

"பெறகென்ன? இது புள்ளையில்லடி, ஒனக்கு நிக்கப்போகுது. எனக்கும் இந்த அனலு ஒரு வருசம் பாடாப்படுத்துச்சு."

"நீங்கதான் மாசாமாசம் இங்கன வாரீகளேக்கா?"

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எனக்கு நின்னு எம்புட்டோ நாளாச்சு. இந்த மூணு நாளும் போச்சுன்னா, பெறகு நமக்கு எவ சோறு கொண்டாந்து வப்பா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் அவர் சொன்னதை முழுதாக நம்பப் பயமாகத்தான் இருந்தது. மேலும் ஒரு மாதம் வயிறு மேடிடாததைப் பார்த்த பிறகே தைரியம் வந்தது. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வண்டி கட்டிப் போய் மகளை அழைத்து வந்தோம். வாசலில் இறங்கியதும் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏத்தா, எல்லாரையும் ஏழுலயே கூப்பிட்டுக்கிறாக. ஒனக்கு நான் வேண்டாமுன்னு ஆயிட்டனா?"

வேர்த்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.