தம்பிக்குச் சேனை வைத்த அன்று

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் யாராவது ஒருவர் அதன் நாக்கில் சீனித் தண்ணீரையோ கருப்பட்டித் தண்ணீரையோ தொட்டு வைப்பார்கள். அதற்குச் சேனை வைப்பது என்று பெயர். வைக்கிறவரின் குணம் அப்படியே பிள்ளைக்கு வந்துவிடுமாம். எனக்கு வைத்தது சித்தப்பா. அதனால் நான் வகுப்பில் தூங்கி வழிந்தாலும், பாலைப் பொங்க விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாலும், வீட்டில் சித்தப்பாவைத்தான் திட்டினார்கள். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

இரண்டாவது பிள்ளையிலாவது இந்தத் தப்பு நடக்கக்கூடாது என்று அத்தை உஷாராக இருந்தாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம். அம்மா முழுகாமல் இருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்து, "இந்தப் புள்ளைக்கு நாந்தேன் சேனை வைப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அத்தை ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஆனால் தம்பி மாதம் நிறைகிற வரை பொறுக்கவில்லை. தொட்டில் கட்டக் கொக்கி கூட வாங்காத நேரத்தில் பிறந்துவிட்டான். அம்மாவை ஆபரேஷன் செய்து ஒரு வார்டில் போட்டார்கள். தம்பியைப் பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மூக்கு வழியாக ஒரு குழாய் விட்டிருந்தது. வயிற்றுக்குப் போக வேண்டியதெல்லாம் அதன் வழியாகத்தான். சிஸ்டர் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "குடல் இன்னும் பச்சையா இருக்கும்மா. உங்க பாலத் தவிர வேற எதையும் அது தாங்காது."

பாலோ வரவில்லை. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கையால் பிழிந்து பிழிந்து பார்ப்பாள். கிண்ணத்தின் அடி நனைவதற்குள் அவள் நெற்றியெல்லாம் வேர்த்துவிடும். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள், "எதுக்கு இம்புட்டுப் பாடு? டப்பாப் பாலக் கலக்கிக் குடுக்க வேண்டியதுதான?" என்றார்கள். அம்மா கொஞ்ச நேரம் படுப்பாள். மறுபடி எழுந்து உட்கார்ந்து பிழிவாள். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது. இப்படி வலிக்கிற ஒன்றை ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறாள்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், அத்தை வந்தாள். வாசலில் காவலுக்கு இருந்தவர் அவள் பையைக் குடைந்து வாழைப்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டார். மடியை யார் சோதிக்கப் போகிறார்கள்? கருப்பட்டித் தண்ணீர் இருந்த குட்டி பாட்டிலும் சங்கும் அங்கேதான் பத்திரமாக வந்து சேர்ந்தன. வந்தவள் அம்மாவை நலம் விசாரித்தாள், என் தலையைத் தடவினாள், பிறகு நேரே கண்ணாடிப் பெட்டி இருந்த அறையைப் பார்த்து நடந்தாள்.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றுத் தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கதவுக்குக் குறுக்கே நின்றாள்.

"வேணாம் மதினி."

"ஒரு சொட்டுதேன்டி. நாக்குல தொட்டு வச்சுட்டு வந்துர்றேன்."

"ஒரு சொட்டும் வேணாம். என்னத் தாண்டித்தான் நீங்க உள்ள போகணும்."

அத்தையை எதிர்த்து ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா இரண்டு பேரையும் பார்த்தார்; பிறகு அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். அத்தையின் முகம் சிவந்தது. "சேனை இல்லாம என் தம்பி வீட்டுப் புள்ள கெடக்கக் கூடாது" என்றாள். குரல் உயர்ந்தது. சிஸ்டர் வந்துவிட்டார்.

அம்மா இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் குரல் மட்டும் இறங்கியது. "சேனை வேணாம்னு நான் சொல்லவே இல்லையே மதினி. கருப்பட்டித் தண்ணிதான் வேணாம்கிறேன். இப்பப் பிழிஞ்ச பாலு கொஞ்சம் இருக்கு. அதத் தொட்டு நீங்களே வைங்க." பிறகு சிஸ்டரைப் பார்த்து, "கன்னத்துக்குள்ள பால் தடவுவீங்கல்ல? இன்னைக்கு இவங்க தடவட்டும் சிஸ்டர்" என்று கெஞ்சினாள்.

சிஸ்டர் யோசித்தார். பிறகு, "வளையல், மோதிரம் எல்லாத்தையும் கழட்டுங்க. முழங்கை வரைக்கும் சோப்புப் போடுங்க. நான் சொல்றத மட்டும் செய்யணும்" என்றார்.

அத்தையின் வளையல்கள் கல்யாணத்துக்குப் போட்டவை. கழற்றியே பழக்கமில்லை. குழாயடியில் நுரையோடு நுரையாக முக்கி முனகி இழுத்துக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பாட்டிலையும் கேட்காமலே கொடுத்தாள்.

கதவில் இருந்த கண்ணாடி வழியாக நான் எட்டிப் பார்த்தேன். பஞ்சு சுற்றிய குச்சியை மஞ்சள் நிறப் பாலில் நனைத்துச் சிஸ்டர் அத்தையிடம் கொடுத்தார். நாற்று மூட்டையைத் தலையில் தூக்கி வரப்பில் ஓடுகிற அத்தை அந்தக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குச்சி தம்பியின் வாய்க்குள் பட்டதும் அவன் உதடு லேசாகச் சப்புக் கொட்டியது. அவ்வளவுதான். அத்தை வெளியே வந்து, அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். அம்மா தையல் வலியோடு அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

அம்மாவுக்குப் பால் மெல்ல மெல்லப் பெருகியது. தம்பியும் தேறி வீடு வந்து சேர்ந்தான். இன்று அவனோடு பேச நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

எனக்குக் கல்யாணமான பிறகுதான் ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள். நான் பிறப்பதற்கு முன்னால் அத்தைக்கும் இப்படி மாதம் நிறையாமல் ஒரு பிள்ளை பிறந்ததாம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய வழியிலேயே போய்விட்டதாம். அதன் வாயில் யாரும் எதுவும் வைக்கவில்லை. சேனை இல்லாமல் போனதால்தான் தங்கவில்லை என்று அத்தை மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கதவை மறித்து நின்றபோது அம்மாவுக்கு அது தெரியும்.

நானோ, சண்டையில் அம்மா ஜெயித்துவிட்டாள், தோற்ற ரோசத்தில் அத்தை அழுகிறாள் என்று நினைத்து, வளையல்களை முழங்கை வரை மாட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தேன்.