அக்கா ஓட்டிய லாரி

மகன் விளையாடும் வீடியோ கேமில் டயர் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் என்னை ஓசூர் பாகலூர் ரோட்டு பிரவுசிங் சென்டருக்கு இழுத்துப் போனது. அப்போது நான் ஆறாவது, அக்கா பிளஸ் டூ.

அங்கே பையன்களுக்குச் சண்டைதான் பெரிது. கேமில் போலீஸ் வளைத்ததும் காரைவிட்டு இறங்கிச் சுடுவார்கள், சாவார்கள்.

"எறங்காம ஓட்டியே தப்பிக்கலாமே?" என்றாள் அக்கா.

"எங்க, ஓட்டிக் காட்டு பாப்போம்!" என்று சிரித்தார்கள்.

அக்கா ஒரு லாரியை எடுத்தாள். முதல் வளைவிலேயே மோதினாள். அசராமல் ரிவர்ஸ் எடுத்து, மறித்து நின்ற போலீஸ் கார்களை முட்டித் தள்ளி, ஒரு குண்டும் சுடாமல் தப்பித்தாள்.

சென்டரே வாய் பிளந்தது.

"நின்னு சுட்டா பத்துப் பேரு வருவான். ஓடுற வண்டிய யாருடா புடிப்பா?" என்றாள்.

"எங்கக்கா!" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

இன்று இதைச் சொன்னபோது மகன் நம்பவில்லை. அவன் பெரியம்மாவுக்கே போன் போட்டு அவன் கையில் கொடுத்தேன்.