ஊரிலேயே உயரமான கட்டடம், ஏழாவது மாடி

தம்மாமிலிருந்து துபாய்க்குப் போகத் திட்டமிடும் அன்பர்கள் அடியேனின் 1975-ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. துபாயில் இருந்த என் தங்கை விசாலத்துக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு அம்மா மதுரையிலிருந்து கொடுத்தனுப்பிய கண்ணாடி வளையல்கள் என்னிடம் இருந்தன. தாய்வீட்டு வளையல்தான் முதலில் கையேற வேண்டும். அந்த மாதத்தில் மிஞ்சியிருந்த ஒரே நல்ல நாள் அந்த வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். எட்டாம் மாதத்தில் செய்யக்கூடாது. ஆக, சாம்ராஜ்யங்களின் தலைவிதி என் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

தம்மாமுக்குப் பக்கத்துத் தஹ்ரான் விமான நிலையத்தில் காலை ஆறு மணிக்கு ஏறி, துபாயில் எட்டேகாலுக்கு இறங்கினேன். (அங்கே மணி ஒன்று கூடுதல். கைக்கடிகாரத்தை முன்னால் தள்ளி வையுங்கள்.) மச்சானுக்குத் துறைமுகத்தில் டூட்டி, அதனால் அழைக்க ஆள் இல்லை. அக்காலத்தில் அங்கே வீட்டு எண், தெருப்பெயர் எல்லாம் கிடையாது. கடிதம் தபால்பெட்டிக்கு வரும், மனிதன் குத்துமதிப்பாக வருவான். நாலு மாதம் முன்பு விசாலம் கேசட்டில் பேசி அனுப்பியிருந்த விலாசம் இதுதான்: "டேரா பக்கம் வந்து, ஊர்லயே ஒசந்த பில்டிங் எதுன்னு கேளுண்ணே. ஏழாவது மாடி."

டாக்சி ஓட்டிய பட்டாணியரிடம், "பாய், சப்ஸே ஊஞ்சா பில்டிங், ஜல்தி!" என்றேன். வழியெல்லாம் பாரந்தூக்கிகள். நாம் தும்மினால் இரண்டு மாடி எழும்பிவிடும், இன்னொரு தும்மலுக்குப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஐந்து திர்ஹாம் வாங்கிக்கொண்டு, ஒரு பதினாறு மாடிப் பூதத்தின் காலடியில் என்னை இறக்கிவிட்டுப் போனார். அண்ணாந்து பார்த்ததில் என் பிடரி முதுகைத் தொட்டது. கட்டடத்துக்கு வாசல் இருந்தது, கதவு இல்லை.

உள்ளே சாரம் கட்டிய கம்புகளுக்கு நடுவே காவலாளி டீ குடித்துக்கொண்டிருந்தார். பெயர் செல்வராஜ், தூத்துக்குடிப் பக்கம்.

"யாரத் தேடுதிய அண்ணாச்சி?"

"ஏழாவது மாடி, விசாலம்."

"ஏழாவது மாடில புறால்லா குடியிருக்கு! சன்னலே இன்னும் மாஃபி, வைக்கவே இல்ல."

"ஊர்லயே ஒசந்த கட்டடம் இதுதானேய்யா?"

"இன்னைக்கு இதுதான். நீங்க தேடுதது எப்பம் ஒசந்தது?"

"நாலு மாசத்துக்கு முந்தி."

அவர் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "அதுக்கப்புறம் நாலஞ்சு பேரு முந்திட்டான்ல அண்ணாச்சி! இந்த வட்டாரத்துல எல்லாப் பில்டிங்கும் ஒரு மாசம் ராஜாவா இருந்ததுதான்."

மணி ஒன்பதரை. தெருத்தெருவாக ஏழாவது மாடி ஏறி இறங்க முடியாது. உச்சிக்குப் போய்ப் பார்த்தால் ஏதாவது புலப்படும் என்று தோன்றியது. செல்வராஜ் தன் ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்தார். "பாத்து ஏறுங்க. விழுந்தியன்னா என் வேல கலாஸ்." லிஃப்ட் வரவேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. பதினாறு மாடி ஏறினேன். பத்தாவதில் என் ஆவி பிரிந்தது. பதின்மூன்றாவதில் திரும்பிவந்து சேர்ந்துகொண்டது.

மேலே நின்றபோது, அடடா! ஒருபக்கம் கடற்கழி, தோணிகள். மறுபக்கம் மணலிலிருந்து முளைத்த கான்கிரீட் காடு. எட்டு, பத்து, பன்னிரண்டு மாடி என்று எல்லாம் ஒரே சாயலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில்கூட 'விசாலம்' என்று எழுதியிருக்கவில்லை. வளையல் பெட்டியை அணைத்துக்கொண்டு நின்றேன். சிரிப்பு எனக்கு அபூர்வமாகத்தான் வற்றும், அன்று வற்றியது.

அப்போதுதான் பார்த்தேன். அரைக் கிலோமீட்டர் தள்ளி, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடிப் பால்கனியிலிருந்து அரக்கு நிறச் சுங்குடிச் சேலை ஒன்று முழு நீளத்துக்குத் தொங்கிப் படபடத்தது. போன லீவில் அம்மா அவளுக்கு எடுத்துக் கொடுத்த அதே சேலை!

இறங்கினேனா, உருண்டேனா, தெரியாது. ஹெல்மெட்டோடு தெருவில் ஓடிய என்னைப் பார்த்து ஒரு கழுதைவண்டி ஒதுங்கி வழிவிட்டது. கதவைத் தட்டியபோது மணி பத்தேகால். உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்கள் சந்தனக் கிண்ணத்தோடு காத்திருந்தார்கள்.

"சேலைய எதுக்கு அப்படித் தொங்கவிட்ட?"

"கேசட் அனுப்புன பிறகு பெருசு பெருசா கட்டிட்டாங்கள்ல. உன்னைய எனக்குத் தெரியாதாண்ணே? ஊர்ல பெருசா எது நின்னாலும் அதுமேல ஏறித்தான நிப்ப! அங்கருந்து கண்ணுல படணும்னுதான். முதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு."

பத்து இருபதுக்கு முதல் வளையல் ஏறியது. ஒன்றுகூட உடையவில்லை. மச்சான் டூட்டி முடிந்து வந்தபோது எலுமிச்சை சாதம் தீர்ந்திருந்தது. அதற்குப் பொறுப்பு நானல்ல. மாலையில் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், தயிர் சாதப் பொட்டலத்தோடு.

இன்று போகிறவர்களுக்கு அடியேனின் அறிவுரை: வெள்ளி காலையில் தெருக்கள் காலியாக இருக்கும், சுற்றிப் பார்க்க ஏற்றது. நல்ல செருப்பு போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். உயரமான கட்டடத்தை மட்டும் அடையாளமாக நம்பாதீர்கள், நீங்கள் விமானத்தில் இருக்கும்போதே அது குள்ளமாகிவிடும். உங்கள் கிறுக்குத்தனத்தை நன்றாகத் தெரிந்த ஒருத்தி அந்த ஊரில் இருக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் விலாசமே வேண்டாம், தைரியமாகக் கிளம்புங்கள்.