பாலிஷில் மறைந்த கீறல்

‘சீட்டுக்கு அலுமினியக் கம்பி பொருத்தியாயிற்று. வளைவில் முடியளவு கீறல். பாலிஷ் போட்டதும் மறைந்தது.’ தொண்ணூற்றாறாம் வருடத்து என் டைரியில், ஒரு சனிக்கிழமைப் பக்கத்தில் உள்ள குறிப்பு இது.

துடியலூரில் எனக்கு லேத் பட்டறை. நண்பன் முருகேசுக்கு மலைப்பாதையில் சைக்கிளில் இறங்குவதென்றால் உயிர். கனமில்லாத சீட்டு வேண்டும் என்றான். எதையும் கடையில் வாங்காமல் நாமே செய்துவிடலாம் என்பது பட்டறைக்காரர்களின் நினைப்பு. சீட்டின் அடியிலிருந்த இரும்புக் கம்பிகளைக் கழற்றி, அலுமினியத்தில் வளைத்து மாட்டினேன்.

கையில் தூக்கிப் பார்த்தான். “ஏப்பா, அப்பளமாட்டம் இருக்குது. என்னையத் தாங்குமா?”

“இட்லியில ரெண்டு கொறச்சுக்கோ, தாங்கும்” என்றேன். கீறலைச் சொல்லவில்லை.

மறுநாள் கோத்தகிரி இறக்கத்தில் விழுந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். கம்பி அதே வளைவில் ஒடிந்திருந்தது.

கீறலைப் பற்றி அவன் அம்மாவிடம் சொன்னேன். “பாறையில மோதித்தான் ஒடிஞ்சுதுன்னு பார்த்தவங்க சொல்லிப்போட்டாங்க. உடு கண்ணு” என்றார்.

இப்போது யார் கேட்டாலும் சீட்டுக்கு இரும்புக் கம்பிதான் போடுகிறேன். கீறல் கண்டால், கேட்டவர் கண்ணெதிரிலேயே அதை வெட்டிப் போட்டுவிடுகிறேன். கம்பி ஒடிந்ததால் விழுந்தானா, விழுந்ததால் கம்பி ஒடிந்ததா என்பதை மட்டும் இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.