விபூதிப் புதனை அடுத்த சனிக்கிழமை

கள்ளக்குறிச்சியில் நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில். கிறிஸ்தவப் பிள்ளைகள் பாதிகூட இருக்கமாட்டார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். பஜாரில் கடை வைத்திருந்த எங்களைப் போன்ற முஸ்லிம் வீட்டுப் பெண்கள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் இருப்போம். மதம் கேட்டு யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தப் பள்ளியைப் பற்றி எழுதும்போது இதை முதலில் சொல்வதுதான் நியாயம்.

நெற்றிக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. சின்னதாகச் சாந்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். திருநீறும் குங்குமமும் கூடாது. காலையில் பள்ளிப் பணியாளர் ஒருவர் ஈரத் துணியோடு வாசலில் நிற்பார்.

எட்டாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளின் நெற்றியைத்தான் அந்தத் துணி தவறாமல் துடைத்தது. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அப்பா இல்லை. அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர். கைக்குழந்தையாக இருந்தபோது இவளுக்கு வலிப்பு வந்திருக்கிறது; கோயிலில் வேண்டிக்கொண்ட பிறகு வரவில்லை. அதிலிருந்து திருநீறு பூசாமல் மகளை வெளியே அனுப்பமாட்டார். வீட்டில் பூசினார்கள், வாசலில் துடைத்தார்கள். இரண்டு தரப்பும் கோபித்துக்கொண்டதில்லை. கணக்கில் அவளை மிஞ்ச வகுப்பில் ஆள் கிடையாது. பத்தாவது முடிய அவளிடம் கட்டணம் வாங்கமாட்டோம் என்று தலைமையாசிரியையாக இருந்த சிஸ்டர் சொல்லியிருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் அம்மா மகளை வயல் வேலைக்கு இழுக்காமல் வைத்திருந்தார்.

கத்தோலிக்கர்களின் தவக்காலம் ஒரு புதன்கிழமை தொடங்கும். போன ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலை அன்று சாமியார் நெற்றியில் இடுவார். ஊரில் அதை விபூதிப் புதன் என்பார்கள். அந்த ஆண்டு பள்ளி முழுவதையும் மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் வரிசைக்கு வரலாம் என்றார்கள். முஸ்லிம் பெண்கள் நாங்கள் பெஞ்சிலேயே இருந்துகொண்டோம், யாரும் வற்புறுத்தவில்லை. அவள் எழுந்து போனாள். நெற்றியில் சாம்பலோடு திரும்பி வந்து என் காதருகே சொன்னாள்:

"பாத்தியா, இன்னிக்குத் தொடைக்க மாட்டாங்க."

அப்படியே வீட்டுக்குப் போயிருக்கிறாள். மறுநாள் வந்து, "எங்கம்மாவுக்கு ஒரே குஷி" என்றாள். "'பரவால்லடி, உங்க சிஸ்டருங்களும் நம்ம வழிக்கு வந்துட்டாங்க'ன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு இருக்குது."

அந்த வியாழக்கிழமைக் காலையும் ஈரத் துணி வாசலில்தான் இருந்தது. அதை அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை ஆண்டு விழா. 'அனைவரும் ஒரே குடும்பம்' என்று எழுதிய துணி மேடையில் தொங்கியது. பெற்றோரை வரவேற்க மதத்துக்கு ஒருத்தியாக மூன்று பேரை நிறுத்தியிருந்தார்கள். சந்தனம் ஓர் இந்து வக்கீலின் மகளிடம், கற்கண்டு ஒரு கிறிஸ்தவப் பெண்ணிடம், பன்னீர்ச் செம்பு என்னிடம்.

அவள் அம்மா துவைத்த புடவையில் முதல் ஆட்களில் ஒருவராக வந்துவிட்டார். மேசையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, சந்தனம் கீது, துன்னூறு எங்க? மறந்துட்டாங்களா?"

"இங்க வைக்க மாட்டாங்கம்மா" என்றாள் வக்கீல் மகள்.

"போம்மே! அதான் புதன்கிழம எல்லாருக்கும் பூசினாங்களே."

இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துத் தாம்பாளத்தின் ஓரத்தில் கொட்டினார். நாங்கள் மூவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருந்தபோது தலைமையாசிரியை சிஸ்டர் வந்துவிட்டார். எதிரில் நின்றவரைப் பார்த்து வழக்கம்போலக் கைகூப்பிக் குனிந்தார்.

"கும்புடறேங்க சிஸ்டரம்மா. எங்க கோயிலு துன்னூறுங்க. எம் பொண்ணுக்கு நீங்க பூசி வுட்டீங்க, நாங்க சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?"

சொல்லிக்கொண்டே குனிந்த நெற்றியில் பூசிவிட்டார்.

பின்னாளில் நாளிதழ் ஒன்றில் வேலை பார்த்தபோது, நிருபர்கள் அனுப்பும் செய்திகளிலிருந்து 'பரபரப்பு' என்ற சொல்லை நிறைய வெட்டியிருக்கிறேன். அன்றைக்கும் பரபரப்பு எதுவும் ஏற்படவில்லை. சிஸ்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு கலையவில்லை. "உள்ள போய் உட்காருங்கம்மா" என்றார். பணியாளர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு போய், கழுவிக் கொண்டுவந்து வைத்தார். வரிசையில் நின்றிருந்த கிறிஸ்தவப் பெற்றோர் ஒருவர், அரசு அலுவலகத்தில் இருந்தவர், பக்கத்து ஆளிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது:

"அடுத்த வருஷம் வேப்பிலையோட வரும் பாருங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பூசியவரும் சேர்ந்து சிரித்தார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்திருக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது, விழாவுக்கு வந்திருந்த அத்தாவிடம் கேட்டேன்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ரம்ஜானுக்கு நம் வீட்டுப் பிரியாணியைச் சிஸ்டர்கள் வாங்கிக்கொள்கிறார்களே, இது மட்டும் ஏன் கூடாது?

"நம்ம குடுக்கறது வயித்துக்குள்ள போயிடுது. அந்தம்மா குடுத்தது நெத்தியில நின்னுடுச்சே" என்றார் அத்தா. "அதுவும் இல்லாம, நான் பஜார்ல கட வச்சிருக்கறவன்."

திங்கட்கிழமை அவள் அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். சாக்பீஸ் வாங்கப் போன நான் அலுவலக அறைக்கு வெளியே நின்றிருந்தேன். சிஸ்டர் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"பெத்தவங்க பல பேர் வந்து வருத்தப்பட்டாங்கம்மா. உங்க பொண்ணு இந்தப் பரீட்சையை எழுதட்டும். அடுத்த வருஷத்துக்கு உங்க ஊர்ப் பக்கமே பாத்துக்கங்க. உங்க பழக்கவழக்கத்துக்கு அதுதான் சரிப்படும்."

"இன்னாங்க தப்புப் பண்ணிட்டேன்? நீங்க பூசினீங்க. நாங்க வாணான்னா சொன்னோம்?"

"அது வேற, இது வேறம்மா."

"ரெண்டும் சாம்பலுதானங்க?"

சிஸ்டர் மேசைமேலிருந்த காகிதங்களை அடுக்கினார். அம்மாதான் மறுபடியும் பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"இனிமே பூசாமயே அனுப்பறேங்க. பொட்டுகூட வாணாங்க. நீங்க சொல்றாப்புலயே வச்சிக்கிறேன். பத்தாவது வரைக்கும்னு சொன்னீங்களேம்மா."

"எங்களுக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்ல. உங்களுக்காக ஜெபிச்சுக்கறோம்."

அதைச் சிஸ்டர் மனதாரத்தான் சொன்னார். குரலில் பொய் இல்லை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாதது அதுதான்.

பரீட்சையில் அவள் கணக்கில் முதலாவதாக வந்தாள். மே மாதத்தில் ஒரு நாள் அம்மாவும் மகளும் எங்கள் துணிக்கடைக்கு வந்தார்கள். மகள் உள்ளே வராமல் தெருவிலேயே நின்றுகொண்டாள். அம்மா ஒரு பையிலிருந்து, எங்கள் கடையில் துணி வாங்கித் தைத்த அவளுடைய சீருடையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கிழியலீங்க பாய். கவருமெண்டு இஸ்கூல்ல வேற கலராம். மாத்திக் குடுப்பீங்களா?"

"தச்ச துணியாச்சேம்மா. நான் எப்படி எடுத்துக்கறது?"

அவர் வாதாடவில்லை. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப கயினி வேலைக்குப் போட்டுக்கினு வரட்டும். வெயிலுக்கு ஆவும்" என்று சொல்லி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறீர்கள் என்று அத்தா கேட்டார்.

"நடவு முடியட்டுங்க, பாக்கலாம்."

பள்ளிகள் ஜூனில் திறந்துவிடும். அவர்கள் பக்கம் நடவு தொடங்குவதே ஆடியில்தான்.